தீப்பந்தம் பிடித்த கடலரசியும் தட்டு தட்டிய மெஹ்ருன்னிசாவும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மாம்பழ மஞ்சள், ஜரிகை பார்டர், கழுத்தில் பட்ட நிமிஷத்திலிருந்து அரிப்பு. வீட்டுக்கு வந்ததும் சுருட்டி பீரோ மேல் எறிந்தேன். இதோ, இதை எழுதும்போதும் அங்கிருந்து ஒரு முனை தொங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது... பொன்னாடை மேல் இல்லை, என் மேல்.

எதற்குப் பொன்னாடை? ஒரு நாடகத்துக்கு நான் உறுதுணையாக இருந்தேனாம்.

வரலாறு மறந்த பெண்களைப் பற்றி வரிசையாக நாடகம் போடுகிறது ஒரு குழு. முதல் ரெண்டும் ராணிகள். ராணிகளை யார் மறந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, இருக்கட்டும். மூன்றாவது, எங்கள் ராயபுரம் பக்கத்துப் பெண். எங்கள் ஊரிலேயே, சர்ச் பக்கத்து மண்டபத்திலேயே முதல் ஷோ. போஸ்டரில் 'இதுவரை சொல்லப்படாத கதை' என்று கொட்டை எழுத்து.

இயக்குநர் பெயர் அனன்யா. முப்பத்தைந்து வயசிருக்கும், அடையாறு பக்கம் வீடு. நல்ல பெண். சத்தியமாக நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் மனசாட்சி உறுத்தாமல் திட்டலாம் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். "மேடம், நார்த் மெட்ராஸ்ல சொல்லப்படாத கதைங்க நிறைய இருக்கு இல்ல?" என்றாள், ஏதோ புதையல் வரைபடம் கிடைத்த மாதிரி.

சொல்லப்படாத கதையா? எங்கள் தெருமுனையில் அரைக் கிலோ சங்கரா வாங்கப் போனால், செதில் எடுத்து முடிப்பதற்குள் மூன்று கதை சொல்வார்கள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், காலங்காலமாக. கேட்கத்தான் ஆள் வரவில்லை. அதற்குப் பெயர் 'சொல்லப்படாத'வாம்!

ஆனால் நான் அப்படியா பதில் சொன்னேன்? இல்லை. ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்து, நானே கையைப் பிடித்து அழைத்துப்போய் ஸ்டெல்லா அக்காவிடம் உட்கார வைத்தேன். நம்ம ஊர்க் கதை மேடை ஏறுகிறது என்றால் யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது?

ஸ்டெல்லா அக்கா எங்கள் தெருமுனையில் மீன் விற்பவர். அறுபது தாண்டியாகிவிட்டது. 'வஞ்சிரம்' என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெரு தள்ளி பூனைகள் கிளம்பும். சின்ன வயசில் அவர் வேலை பார்த்தது காசிமேட்டுப் பக்கம் இருந்த ஓர் இறால் ஷெட்டில். இப்போது அந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள்.

இறால் உரிக்கிற வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரல் மரத்துப்போய், நுனியெல்லாம் வெடித்துவிடும். வீட்டுக்குப் போய் படிகாரத் தண்ணீரில் ஊற வைத்தால்தான் ராத்திரி சோறு பிசைய முடியும். ஷெட்டில் குளிரூட்டும் மிஷின் சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் இருப்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு வார்த்தை எல்லாம் அலுமினியத் தட்டில்தான். ஒரு தட்டு தட்டினால் ஐஸ் வேண்டும். ரெண்டு தட்டினால் இறால் நிறைந்துவிட்டது, எடை போட வா. விடாமல் தட்டினால் — வேலை முடிந்தது, எல்லாரும் எழுந்து வாங்க.

அந்தக் கடைசித் தட்டு தட்டுவது ஒரே ஆளின் வேலை. பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த மெஹ்ருன்னிசா. வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே வருவார். ஸ்டெல்லா அக்காவின் தோஸ்து.

ஒருநாள் மத்தியானம் அம்மோனியா குழாய் பிய்த்துக்கொண்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. கரண்ட் போய்விட்டது. முன்வாசல் வெளியே பூட்டு. முந்தானையில் நாலு இறாலை முடிந்துகொண்டு போய்விடுவார்களாம், அதற்காகப் பூட்டு! கண்ணைத் திறக்க முடியாது. வாயைத் திறந்தால் தொண்டை வெந்துவிடும். இருந்தது ஒரே வழி — இறால் தோல் கொட்டுகிற குட்டிப் பின்வாசல். அது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும் அந்தப் புகையில்?

அப்போதுதான் தட்டுச் சத்தம் கேட்டது. விடாமல்.

"முந்தானிய ஐஸ் தண்ணில முக்கி மூஞ்ச சுத்திகினு, அந்த வாசலாண்ட நின்னுகினு தட்டுறா. டங்கு டங்குன்னு தட்டுறா. நாங்க கண்ண மூடிகினு, முன்னாடி கீறவ தோள்ல கைய வெச்சிகினு, சத்தம் வர்ற பக்கமா போறோம்" என்று ஸ்டெல்லா அக்கா சொல்லும்போது, மீன் வெட்டுகிற கை அப்படியே நின்றுவிட்டது. "நான்தான் மொத ஆளா வெளிய வந்தேன். கிட்டக்க இருந்தேன், வந்துட்டேன். அதுல இன்னா கீது? அவ வர்ல. கடைசிப் பொம்பள வெளிய வந்தப்புறந்தான் தட்டுற சத்தமே நின்னுது."

ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் மெஹ்ருன்னிசாவுக்குக் குரல் போய்விட்டது. அதன் பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்தது வெறும் காற்று. ஷெட்டுக்கும் போகவில்லை. வீட்டில் ஒரு அலுமினியத் தட்டை வைத்துக்கொண்டு, ரெண்டு தட்டு தட்டித்தான் மகள் நூர்ஜஹானைக் கூப்பிடுவாராம். இருமி இருமியே வாழ்ந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். சம்பவம் நடந்த மறுநாள் பேப்பரில் 'பெண் தொழிலாளி ஒருவர் சாமர்த்தியமாக' என்று ஒரு வரி வந்ததாம். அந்த 'ஒருவர்' என்கிற வார்த்தையை ஸ்டெல்லா அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

அனன்யா அழுதுவிட்டாள். நிஜ அழுகைதான், மூக்கெல்லாம் சிவந்துவிட்டது.

"அயாத கண்ணு. இத நாடகமா போடு, வாணாங்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு. அவ பேர மேடையில சொல்லணும். மெஹ்ருன்னிசான்னு முயுசா சொல்லணும். சொல்வியா?"

"சத்தியமா சொல்றேன்மா" என்று மீன் நாற்றத்தோடு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் அனன்யா. நானே சாட்சி.

சாட்சியின் லட்சணத்தைக் கேளுங்கள். ஷோவுக்கு ரெண்டு வாரம் முன்னால் அனன்யா போன் செய்தாள். "மேடம், ஒரு சின்ன சேஞ்ச். ரெண்டு ஹீரோயின் இருந்தா ஃபோகஸ் போயிடுது. அதனால ஸ்டெல்லாம்மா, மெஹ்ருன்மா ரெண்டு பேரையும் ஒரே கேரக்டரா மெர்ஜ் பண்ணிட்டோம். பேரு கடலரசி. இன்னும் யுனிவர்சலா இருக்கும். ஸ்க்ரிப்ட் அனுப்பறேன், பார்த்துட்டு சொல்லுங்க."

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "சரிம்மா, நீ பார்த்து செய்" என்றேன். ஸ்க்ரிப்ட் வந்தது. திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற பேனாவின் கட்டை விரல் அது!

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேனா? அதுவும் இல்லை. நாடகம்தானே, எப்படியாவது ஓர் இடத்தில் பேரைச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரோ தெருத் தெருவாகப் போய் ஆள் சேர்த்திருக்கிறார். அந்த ஷெட்டில் வேலை பார்த்தவர்களில் நடமாடக்கூடிய அத்தனை பேரையும் இட்டுக்கொண்டு வந்துவிட்டார். திருவொற்றியூரிலிருந்து ரெண்டு பேர், மணலி புதுநகரில் மகன் வீட்டிலிருந்து ஒருவர். எல்லார் தலையிலும் பூ. எனக்குப் பின்வரிசை முழுக்க அவர்கள்தான். நடுவில் நூர்ஜஹான். நாற்பது வயசு இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். கூட்டத்துக்கெல்லாம் போகாத ஆள். "உங்கம்மா பேர சொல்லப் போறாங்க, வந்து காதால கேளு" என்று சொல்லி, தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தி அழைத்து வந்திருக்கிறார் ஸ்டெல்லா அக்கா.

விளக்கு அணைந்தது. நாடகம் ஆரம்பித்தது.

கடலரசி வந்தாள். கைத்தறிச் சேலை, கண்ணுக்கு மை, இடுப்பில் ஒரு மூங்கில் கூடை. இறால் உரிக்கிறவளுக்கு எதற்கு இடுப்பில் கூடை? தண்ணீர் எடுக்கப் போகிறாளா? விரலில் மோதிரம் வேறு. மோதிரம் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இறால் உரித்துப் பார்க்கட்டும், விரல் என்ன ஆகும் என்று தெரியும். பின்வரிசையில் 'ச்சு' கொட்டுகிற சத்தம் கேட்டது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து, கேஸ் கசிகிற காட்சி. மேடை முழுக்க ஐஸ் புகை, நீல வெளிச்சம். கடலரசி நடு மேடைக்கு வந்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

"ஏ நஞ்சே! நீ என் நுரையீரலை எரிக்கலாம். என் நெருப்பை எரிக்க முடியுமா?"

பத்து நிமிஷம்! பத்து நிமிஷம் தூய தமிழில் வசனம், அம்மோனியாவுக்கு நடுவில் நின்றுகொண்டு!

"வாய மூடுடி, செத்துடுவே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பதறியது. மணலியிலிருந்து வந்தவர். நிஜமாகவே பதறினார். அடுத்த நொடி மொத்த வரிசையும் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த அடையாறு கும்பல் திரும்பிப் பார்த்து "ஷ்ஷ்" என்றது. தியேட்டர் எட்டிகெட் தெரியாத ஜனங்களாம்.

அதோடு விட்டார்களா? கடலரசி குனிந்து ஒரு தீப்பந்தத்தை எடுத்தாள். கொளுத்தினாள்.

"கேஸ் லீக்கு ஆய்கினு கீது, இவ பந்தம் கொளுத்துறா! மெய்யாலுமே லூசா இவ?"

தட்டு எங்கே போயிற்று? பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒத்திகையில் தட்டு வைத்துப் பார்த்தார்களாம். சத்தம் இரிட்டேட்டிங்காக இருந்ததாம். பந்தம் என்றால் விஷுவலாக நிற்குமாம். ஒரு ஷெட் நிறைய பெண்களை உயிரோடு வெளியே கொண்டுவந்த சத்தம், ஏசி போட்ட காதுக்கு இரிட்டேட்டிங்!

பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலரசி முன்னால் நடக்க, பின்னால் நாலு பேர் ஸ்லோமோஷனில் நடந்தார்கள். அப்போது என் பின்னாலிருந்து நூர்ஜஹான் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்டெல்லாம்மா, எங்கம்மா எப்ப வருவாங்க?"

"வருவா. இரு."

விளக்கு எரிந்தது. நாடகம் முடிந்துவிட்டது. அடையாறு எழுந்து நின்று கைதட்டியது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு மேடை நிகழ்ச்சி. ஒரு பேராசிரியர் பேசினார். குரலற்றவர்களின் குரலாக இந்த நாடகம் ஒலிக்கிறது என்றார். மெஹ்ருன்னிசாவுக்கு நிஜமாகவே குரல் இல்லை என்பதும், அவர் குரலாக இருந்த தட்டைத்தான் இவர்கள் தூக்கிக் கடாசினார்கள் என்பதும் பாவம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நான், குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டி போட்டோவுக்கு நின்றுவிட்டு, வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"அடுத்து, இந்தக் கதையின் நிஜ நாயகி! அன்னைக்கு அத்தனை பேரையும் காப்பாத்தின ரியல் கடலரசி, ஸ்டெல்லாம்மா... ப்ளீஸ் கம்" என்றாள் அனன்யா.

மண்டபமே எழுந்து நின்றது. எங்கள் பின்வரிசையைத் தவிர. நூர்ஜஹான் எழுந்தார்தான். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டெல்லா அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் சிநேகிதி செய்த காரியத்தை நீங்கள் செய்ததாக ஊர் கைதட்டுகிறது. அந்தச் சிநேகிதியின் மகள் அதைப் பார்க்கிறாள். அவளை வரச் சொன்னதே நீங்கள். இதைவிட ஒரு மனுஷியைக் கேவலப்படுத்த முடியுமா? திருட்டுப் பட்டம் கட்டினால்கூட 'நான் எடுக்கலை' என்று சண்டை போடலாம். இவர்கள் திருட்டுப் பொருளை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போடுகிறார்கள்!

ஸ்டெல்லா அக்கா மேடை ஏறினார். அனன்யா மைக்கை நீட்டி, "உங்களை நீங்களே மேடையில பார்த்தது எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள்.

"அது நான் இல்ல."

கைதட்டல்.

"இன்னாத்துக்குத் தட்றீங்க? அது நான் இல்லன்றேன். நான் யாரையும் காப்பாத்தல."

கைதட்டல் இன்னும் பலமாக. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தன்னடக்கம்தான் நம்ம பெண்களோட அடையாளம்!" என்றாள் அனன்யா, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.

பார்த்தீர்களா? உண்மையைச் சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைத்து, கை தட்டி, உட்கார வைத்துவிடுவார்கள். வரலாறு இந்தப் பெண்களை மறந்துவிட்டது என்று இவர்களுக்கு அப்படி ஒரு கோபம். மறந்தவன் ஒன்றும் செய்யவில்லை, சும்மா மறந்தான். ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று வந்தவர்கள்தான், ஒருத்தியின் பேரை அழித்து இன்னொருத்தியின் முகத்தில் அப்பினார்கள்.

நூர்ஜஹான் கதவை நெருங்கிவிட்டார். ஸ்டெல்லா அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் கைக்கு எட்டவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல், இந்தக் கைதட்டலில் எடுபடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். பொன்னாடைகளை அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளம் மேஜை மேல் இருந்தது. ஒரே கவிழ்ப்பு. பொன்னாடையெல்லாம் தரையில். எனக்குக் கொடுத்த மாதிரியே அவருக்கும் வைத்திருந்த நினைவுப் பரிசு, அதுதான் ஒரு பித்தளைப் பெண் சிலை, அதை எடுத்தார்.

டங்.

டங். டங். டங். டங்...

விடாமல்.

கைதட்டல் அப்படியே அடங்கிப்போனது. கதவருகே நூர்ஜஹான் நின்றுவிட்டார். சின்ன வயசிலிருந்து அம்மா கூப்பிடுவதாகக் கேட்டு வளர்ந்த சத்தமில்லையா அது? கதவுப் பிடியைப் பிடித்தபடியே திரும்பினார்.

என் பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. மணலிக்காரர் முதலில் எழுந்தார். அப்புறம் திருவொற்றியூர்க்காரர்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்துக்கொண்டு, வரிசையாகக் கதவைப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தருக்கு முட்டி வலி, தாங்கித் தாங்கித்தான் நடந்தார். ஸ்டெல்லா அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசி ஆள் வாசலைத் தாண்டும்வரை தட்டினார்.

பிறகு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, மைக்கே இல்லாமல் சொன்னார்.

"தட்டுனவ பேரு மெஹ்ருன்னிசா. தோ, அந்தாண்ட நிக்கிது அவ பொண்ணு. நான் வெளிய வந்தவ. அவ்ளோதான்."

இறங்கிப் போய், நூர்ஜஹான் தோளில் கை வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நானும் எழுந்தேன். யார் தோளில் கை வைப்பது என்று தெரியவில்லை. பொன்னாடை நழுவிக்கொண்டே இருந்தது. அதற்குள் அனன்யா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் பளபளப்பு.

"மேடம்! வாட் எ மொமென்ட்! எவ்ளோ ஆர்கானிக்கா வந்துச்சு பார்த்தீங்களா? இதையே க்ளைமாக்ஸா வெச்சுக்கட்டுமா? ஸ்டெல்லாம்மா எல்லா ஷோவுக்கும் வருவாங்களா, கேட்டு சொல்றீங்களா?"

நான் சொன்னதை அச்சில் போட பத்திரிகை ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

வெளியே டீக்கடையில் எல்லாரும் நின்றிருந்தார்கள். நூர்ஜஹான் அழுது முடித்திருந்தார், முகம் கழுவின மாதிரி இருந்தது. ஸ்டெல்லா அக்கா டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்கா" என்றேன்.

"பெரிய மனுஷி" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷமாக எழுதுகிறேன், என்னை எவ்வளவோ பேர் திட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. எனக்கு டீயும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவராகவே கூப்பிட்டார். "தே, நீ வாரா வாரம் எய்துறியே. இத எய்து. எம்பேரப் போடாத. அந்த நாடகக்காரப் பொண்ணு பேரும் வாணாம், சின்னப் பொண்ணு, பொயச்சிப் போவட்டும். நூர்ஜானும் கூச்சப்படும். ஆனா யாரு பேர போடணும்னு உனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும்.

ஆகவே வாசகர்களே, ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். ஸ்டெல்லா என்பது ஸ்டெல்லா அக்காவின் பெயர் இல்லை. அனன்யா அனன்யா இல்லை, நூர்ஜஹான் நூர்ஜஹானும் இல்லை. எல்லாம் நான் மாற்றி வைத்த பெயர்கள்.

மெஹ்ருன்னிசா மட்டும் மெஹ்ருன்னிசா.